தனியார் தொழிற்கல்லூரியின் சுகாதாரப் பயிற்சியில் அதிருப்தியா? ஒன்ராறியோ மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்ராறியோவில் சுகாதாரத் துறைக்குள் நுழைய விரும்புவோரில் பலர், குறிப்பாகப் புதிதாகக் குடியேறியவர்களும் வேறு வேலையிலிருந்து மாற நினைப்பவர்களும், தனியார் தொழிற்கல்லூரிகளையே முதலில் நாடுகிறார்கள். மாலையிலும் வார இறுதியிலும் வகுப்புகள் நடக்கின்றன. அரச சமூகக் கல்லூரிகளை விட இங்கே இடம் விரைவில் கிடைக்கிறது. ஓராண்டுக்குள் வேலைக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையும் ஊட்டப்படுகிறது. இவற்றில் நல்ல பணியாளர்களை உருவாக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் பயிற்றுநர்கள் மாதத்துக்கு மாதம் மாறுவதையும், ஆய்வுக்கூடத்தில் பழகுவதற்குக் கருவிகள் இல்லாததையும், பிளேஸ்மென்ட் எனப்படும் களப்பயிற்சி திரும்பத் திரும்பத் தள்ளிப்போவதையும் கண்டு மனம் நொந்த மாணவர்களும் நிறையவே உள்ளனர்.

அப்படி நொந்துபோனவர்கள் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. கட்டிய பணத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிறார்கள். அல்லது ஒருநாள் கோபத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டிலும் இழப்பு மாணவருக்கே. மாணவர்கள் நினைப்பதைவிட அதிகமான பாதுகாப்பைச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி எழுத்தில் கேட்பவருக்கும் காலம் தாழ்த்தாமல் கேட்பவருக்கும் மட்டுமே கிடைக்கும். ஆகவே கீழே வரும் படிகளைச் சொல்லப்பட்ட ஒழுங்கிலேயே பின்பற்றுவது நல்லது.

முதற் படி: நாட்காட்டியைப் பாருங்கள், வகுப்பை விடாதீர்கள்

தனியார் தொழிற்கல்லூரிகளை ஆளும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது; இன்று ஒன்ராறியோ தொழிற்கல்லூரிகள் சட்டம் என்ற பெயரில் வழங்குகிறது. அதன் கீழ் 2006இல் வந்த 415ஆம் இலக்க ஒழுங்குவிதியில்தான் பணம் திருப்பித் தருவது பற்றிய விதிகள் உள்ளன. அவ்விதிகள் பயிற்சிக் காலத்தை ஏறத்தாழ நான்கு கட்டங்களாகப் பார்க்கின்றன. நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான் அடுத்த முடிவுகளை நிதானமாக எடுக்க முடியும்.

ஒப்பந்தத்தின் பிரதி உங்கள் கைக்குக் கிடைத்து இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து அதை ரத்துச் செய்தால், செலுத்திய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். அந்த இரண்டு நாட்கள் கடந்து, பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே விலகினால், மொத்தக் கட்டணத்தில் 20 வீதம் அல்லது 500 டொலர், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் கல்லூரி வைத்துக்கொள்ளலாம். பயிற்சி தொடங்கிய பின்னர் விலகினால், அதே தொகையோடு, அதுவரை கழிந்த காலத்துக்குரிய கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மிகுதியைத் தர வேண்டும். பயிற்சிக் காலத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டால், நீங்களாக விலகுவதற்கு எந்தத் தொகையும் திரும்பக் கிடைக்காது. பயிற்சி 12 மாதங்களுக்கு மேற்பட்டதாயின் கணக்கு வேறுபடும். அதை ஒப்பந்தத்தில் அச்சிடப்பட்டுள்ள மீளளிப்புப் பகுதியைக் கொண்டு சரிபாருங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து மாதப் பயிற்சிக்கு 12,000 டொலர் முழுவதையும் ஒருவர் செலுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத முடிவில் அவர் விலகினால், 500 டொலரும் கழிந்த மூன்று மாதங்களுக்கான 3,600 டொலரும் போக, 7,900 டொலர் திரும்ப வர வேண்டும். நான்காம் மாத முடிவில் அது 6,700 டொலராகக் குறையும். ஆறாம் மாதத்தின் நடுவில் விலகினால் ஒன்றும் வராது. "இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், எல்லாம் சரியாகும்" என்று அலுவலகத்தில் சொல்லும்போது, அந்த ஒரு மாதம் உங்களைப் பாதிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகுமா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பாதி நாள் எது என்பதை ஒப்பந்தத்தில் உள்ள தொடக்கத் திகதியையும் முடிவுத் திகதியையும் வைத்து இன்றே கணித்து எழுதி வையுங்கள்.

அதுவரை வகுப்புக்குத் தவறாமல் போங்கள். வரவு குறைந்தால் அதையே காரணம் காட்டிக் கல்லூரி உங்களை நீக்கக்கூடும். பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான குறைகூட, நீக்கப்பட்டவரின் ஆத்திரமாகவே பார்க்கப்படும்.

இரண்டாம் படி: குறையை வகைப்படுத்துங்கள்

"பயிற்சி தரமாக இல்லை" என்ற முறைப்பாடு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதை வைத்து ஒருவரும் நடவடிக்கை எடுக்க முடியாது. அதே மனக்குறைக்குள் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மீறல் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டிய சூழ்நிலைகளை ஒழுங்குவிதி வரையறுத்திருக்கிறது. கல்லூரி பதிவு பெறுவதற்கு முன்னரோ, பயிற்சிக்கு அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்னரோ பணம் வாங்கியிருந்தால் அது முழு மீளளிப்புக்கு உரியது. கல்லூரி தொடர்ந்து இயங்கும்போதே உங்கள் பயிற்சியை இடையில் கைவிட்டாலும், தனது நீக்கல் கொள்கைக்கு முரணாக உங்களை நீக்கினாலும், பயிற்சியின் முழுமையையோ ஒரு பகுதியையோ கற்பிக்கச் சட்டம் கோரும் தகைமை இல்லாத பயிற்றுநரை அமர்த்தினாலும் அவ்வாறே. இவற்றில் பாதிக் கோட்டுக் கணக்கு வராது. ஆனால் எழுத்தில் கோரிக்கை விடுக்காதவரை பணமும் வராது.

பயிற்றுநரின் தகைமையைத்தான் மாணவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் தனிநபர் ஆதரவுப் பணியாளர் பயிற்சி முதலியவற்றில் தாதியர்களே பெரும்பாலும் கற்பிக்கிறார்கள். ஒருவர் தம்மைப் பதிவு பெற்ற தாதி என்று சொன்னால், ஒன்ராறியோ தாதியர் கல்லூரியின் (பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் இது தாதியர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரைத் தேடிப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. அங்கே பெயர் இல்லை என்பதாலேயே அவர் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். ஏனெனில் சட்டம் கல்வி, கற்பித்தல், தொழில் அனுபவம் ஆகியவற்றைச் சேர்த்தே தகைமையைக் கணிக்கிறது. ஆயினும், இந்தப் பாடத்தைக் கற்பிப்பவரின் தகைமை என்ன என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்பதற்கு அது போதிய காரணம்.

அடுத்தது களப்பயிற்சித் தாமதம். இதில் மாணவர் தம் பக்கத்தை முதலில் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களும் மருத்துவமனைகளும் தடுப்பூசிப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை, எளிதில் பாதிக்கப்படக்கூடியோருடன் பணிபுரிவதற்கான பொலிஸ் சான்று, முதலுதவிச் சான்று, முகக்கவசப் பொருத்தச் சோதனை போன்றவற்றைக் கேட்கின்றன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று ஊசிகளும் முடிய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். இவற்றில் ஒன்று உங்கள் கோப்பில் இல்லாவிட்டால், தாமதத்துக்கு நீங்களே காரணம் என்று கல்லூரி சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்த திகதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். களப்பயிற்சி இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டால், ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கிறது என்பதைக் காட்டும்படி கேளுங்கள்.

மூன்றாவது வகை, சேரும்போது சொல்லப்பட்ட வாக்குறுதி. வேலை நிச்சயம் என்று உறுதியளிப்பதற்குத் தொழிற்கல்லூரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரத்திலோ, சேர்க்கை ஆலோசகரின் குறுஞ்செய்தியிலோ அத்தகைய உறுதி இருந்தால் அது உங்களுக்குச் சான்று. வாயால் சொன்னதென்றால், எந்த நாளில், எந்த இடத்தில், யார் சொன்னார் என்பதை நினைவில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாகுபாடும் பாலியல் தொல்லையும் இவற்றில் சேராத தனி வகை. இனம், பிறந்த இடம், கர்ப்பம், உடற்குறை காரணமாக உங்களை வேறுபடுத்தினால் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். நிகழ்ந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாலியல் வன்முறை தொடர்பான கொள்கையை ஒவ்வொரு தொழிற்கல்லூரியும் வைத்திருக்க வேண்டும். அத்தகைய சம்பவத்துக்குப் பொது முறைப்பாட்டு வழியில் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: சான்றிதழின் பெறுமதியைச் சரிபாருங்கள்

எனக்கு மிகவும் வேதனை தரும் குறை இதுதான். ஒருவர் ஓராண்டு படித்து, கடனும் வாங்கி, கடைசியில்தான் அந்தச் சான்றிதழ் தாம் எண்ணிய வேலைக்கு வழியல்ல என்று அறிகிறார். கல்லூரிக்கு மாகாணத்தின் பதிவு இருப்பது ஒன்று. அந்தப் பயிற்சியைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஏற்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மருந்தக உதவியாளருக்கு ஒழுங்குமுறை அமைப்பு இல்லை. மருந்தகத் தொழில்நுட்பவியலாளரோ 2010 முதல் ஒன்ராறியோ மருந்தாளர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பதிவுபெறும் தொழிலர். அதற்குத் தேசிய மட்டத்தில் தர அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் கனடா மருந்தகத் தேர்வுச் சபையின் தகுதித் தேர்வும் வேண்டும். மருத்துவ ஆய்வுகூட உதவியாளர் அல்லது டெக்னீஷியன் பயிற்சி, ஒழுங்குபடுத்தப்பட்ட டெக்னாலஜிஸ்ட் தொழிலுக்கான பயிற்சி அல்ல. பெயர்கள் நெருங்கியிருப்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. பதிவுபெற்ற நடைமுறைத் தாதியாக விரும்புவோர், தங்கள் பயிற்சி ஒன்ராறியோ தாதியர் கல்லூரி வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பி.எஸ்.டபிள்யூ. சான்றிதழ் தானாகவே அதற்கான பாதி வழியாகிவிடாது. அல்ட்ராசவுண்ட் பரிசோதகர்கள் 2019 ஜனவரி 1 முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலில் அடங்குகிறார்கள். ஆகவே அங்கும் அங்கீகாரம் பற்றிய இதே கேள்வி எழும்.

பி.எஸ்.டபிள்யூ. பயிற்சியைப் பொறுத்தவரை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கான விதி வகுப்பும் களப்பயிற்சியும் சேர்ந்து குறைந்தது 600 மணித்தியாலங்களைக் கோருகிறது. பயிற்சி அவசரமாகச் சுருக்கப்பட்டதாகவோ, மணிக்கணக்கில் காணொளியைப் பார்க்க விட்டு அதையும் வகுப்பு நேரமாக எழுதியதாகவோ தெரிந்தால், உங்கள் நேரப் பதிவை ஒப்பந்தத்தில் உள்ள மணித்தியாலங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பி.எஸ்.டபிள்யூ. பணியாளருக்கான மாகாண மேற்பார்வை அதிகாரசபையின் பதிவேடு 2024 டிசம்பர் 1இல் திறக்கப்பட்டது. அதில் சேருவது விருப்பத்துக்கு உரியதுதான். ஆயினும் உங்கள் பயிற்சி அதன் தகுதி நிபந்தனைகளுக்குப் பொருந்துமா என்று அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது நல்லது. எந்தத் தொழிலானாலும், கல்லூரியிடம் கேட்பதைவிடத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் நேரே கேட்பதே பாதுகாப்பானது.

இத்தோடு, தொழிற்கல்லூரிகளுக்குப் பொறுப்பான மாகாண அமைச்சின் தொழிற்கல்லூரித் தேடல் பக்கத்தில் உங்கள் பயிற்சியின் பெயரையும் நீங்கள் படிக்கும் வளாகத்தையும் தேடுங்கள். ஒரு வளாகத்தில் கிடைத்த அங்கீகாரம் மற்ற வளாகத்துக்குத் தானாகப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

நான்காம் படி: ஆவணங்களைத் திரட்டுங்கள்

கையொப்பமிட்ட ஒப்பந்தம், மாணவர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய அறிக்கை, பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், பாடத்திட்டம், கால அட்டவணை, மின்னஞ்சல்கள் ஆகியவற்றைக் கல்லூரியின் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். கல்லூரி மின்னஞ்சல் கணக்கு எப்போது மூடப்படும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தப் பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் உடனே எழுத்தில் கேளுங்கள். ரத்தான வகுப்புகள், மாறிய பயிற்றுநர்கள், பழகக் கிடைக்காத கருவிகள் ஆகியவற்றைத் திகதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். களப்பயிற்சி இடத்தில் நோயாளர்களைப் படம் பிடித்துச் சான்றாக்க முயல வேண்டாம். அது உங்களுக்கே பெரிய சிக்கலாக முடியும்.

ஐந்தாம் படி: கல்லூரிக்குள்ளேயே எழுத்தில் முறைப்பாடு

தொழிற்கல்லூரிகளை மேற்பார்வையிடும் மாகாணக் கண்காணிப்பாளரிடம் நேரே போக இயலாது. முதலில் கல்லூரியின் முறைப்பாட்டு நடைமுறையை முடித்தாக வேண்டும். அந்த நடைமுறை உங்கள் ஒப்பந்தத்தோடு தரப்பட்டிருக்க வேண்டும். யாருக்கு எழுதுவது, எத்தனை நாட்களில் பதில் வரும் என்பன அதில் இருக்கும். உங்கள் தரப்பை நேரில் விளக்கவும், துணைக்கு ஒருவரை அழைத்து வரவும், அவரையே உங்களுக்காகப் பேச வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் இந்த உரிமையை அவசியம் பயன்படுத்த வேண்டும். முடிவையும் அதற்கான காரணங்களையும் கல்லூரி எழுத்தில் தர வேண்டும்.

கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும் என்றாலும், அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் முதலில் ஒழுங்குபடுத்திக்கொண்டால் எழுதுவது எளிது. இந்த நடையில் அமைக்கலாம்:

"நான் இந்தத் திகதியில் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். ஒப்பந்தத்தின்படி இத்தனை மணித்தியால ஆய்வுக்கூடப் பயிற்சி தரப்பட வேண்டும். இன்றுவரை கிடைத்தது இவ்வளவு; விடுபட்ட திகதிகளை இணைத்துள்ளேன். இதுபற்றி இந்த நாளில் இந்த அலுவலரிடம் சொன்னேன், தீர்வு கிடைக்கவில்லை. விடுபட்ட மணித்தியாலங்களை இந்தத் திகதிக்குள் தகுதியுள்ள பயிற்றுநரைக் கொண்டு நிறைவுசெய்யுமாறு கேட்கிறேன். இது மாணவர் முறைப்பாட்டு நடைமுறையின் கீழான முறைப்பாடு. முடிவை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

இதில் வசை இல்லை, யூகம் இல்லை. நடந்தது என்ன, ஒப்பந்தம் சொல்வது என்ன, நீங்கள் கேட்பது என்ன என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றன. ஒரே குறை பலருக்கும் இருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தம் திகதிகளோடு எழுதுவது, ஒரே கடிதத்தில் பலர் கையொப்பமிடுவதைவிட வலுவானது. ஏனெனில் ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் கட்டணமும் வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. முறைப்பாடு செய்வதும் விலகுவதும் இரு வேறு செயல்கள். முறைப்பாட்டுக் கூட்டத்தில் உங்கள் முன் வைக்கப்படும் தாளை அங்கேயே கையொப்பமிட வேண்டாம். அது சுயவிருப்ப விலகல் படிவமாகவோ, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற ஒப்புதலாகவோ இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, விளங்கக்கூடிய ஒருவரோடு படித்த பின் முடிவெடுங்கள்.

ஆறாம் படி: விலகுவதாயின்

பாதிக் கோடு நெருங்கியும் கல்லூரி அசையவில்லை என்றால், விலகல் அறிவிப்பைத் திகதியிட்டு எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். மீளளிப்பைக் கல்லூரி 30 நாட்களுக்குள் தர வேண்டும். கல்லூரி தந்த புத்தகங்களையும் கருவிகளையும் பிரிக்காமல், தந்த நிலையிலேயே 10 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் அவற்றின் விலையைக் கழிக்க முடியாது. முழு மீளளிப்புக்கு உரிய மீறல் இருப்பதாக நீங்கள் கருதினால், விலகல் கடிதத்தில் அதைக் கலக்காமல், தனிக் கோரிக்கையாக எழுதுங்கள்.

ஓசாப் எனப்படும் மாகாண மாணவர் நிதியுதவி பெற்றவர்கள் விலகுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்திடமும் தேசிய மாணவர் கடன் சேவை நிலையத்திடமும் பேச வேண்டும். திரும்பி வரும் பணம் பொதுவாக உங்கள் கைக்கு வராமல் கடனைக் குறைக்கவே செல்லும். மானியத்தின் ஒரு பகுதி கடனாக மாறவும் கூடும். படிப்பை நிறுத்தி ஆறு மாதங்களின் பின் தவணை தொடங்கும். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி இல்லை. மாகாணப் பங்குக்கு வட்டி உண்டு.

கல்வி அனுமதியில் வந்த சர்வதேச மாணவர்களுக்கு விலகல் இன்னும் பாரதூரமானது. 2024 நவம்பர் 8 முதல் கல்லூரி மாறுவதற்குப் புதிய கல்வி அனுமதி பெற வேண்டும். தனியார் தொழிற்கல்லூரிப் படிப்புக்குப் பட்டப்பின் வேலை அனுமதி கிடைக்காது என்பதையும், யார் என்ன சொல்லியிருந்தாலும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரையோ வழக்கறிஞரையோ கேட்காமல் விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.

ஏழாம் படி: கண்காணிப்பாளர், அதற்கும் அப்பால்

கல்லூரியின் எழுத்து முடிவு திருப்தி தரவில்லை என்றாலோ, குறித்த காலத்தில் முடிவே வரவில்லை என்றாலோ, மாகாணத்தின் தொழிற்கல்லூரிகள் கண்காணிப்பாளரிடம் இணையவழியில் முறைப்பாடு செய்யலாம். பாரிஸ் எனப்படும் அமைச்சின் இணையத் தளத்தில் கணக்குத் திறந்து, உங்கள் முறைப்பாட்டுக் கடிதம், கல்லூரியின் பதில், ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். சட்டம் மீறப்பட்டதா என்பதையே அவர் ஆராய்கிறார். மதிப்பெண்ணை மாற்றித் தருவதோ மன உளைச்சலுக்கு நட்டஈடு பெற்றுத் தருவதோ அவரது வேலை அல்ல. ஆகவே இரண்டாம் படியில் கண்ட மீறலை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அமைச்சு நியாயமின்றித் தாமதித்தால் அரச அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை ஆராயும் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மனிடம் அமைச்சின் மீது முறையிடலாம்.

கல்லூரி திடீரென மூடப்பட்டால் வழி வேறு. 2009 ஜனவரி 1 முதல் இயங்கும் பயிற்சி நிறைவு உறுதி நிதியம், வேறு கல்லூரியில் பயிற்சியை முடிக்கவோ, கிடைக்காத பயிற்சிக்கான கட்டணத்தைத் திரும்பப் பெறவோ உதவுகிறது. அப்போது உங்களிடம் இருக்கும் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் வரவுப் பதிவுமே உங்கள் நிலையை நிறுவும்.

பணம்தான் பிரச்சினை, வாக்குறுதி மீறலுக்குச் சான்றும் இருக்கிறது என்றால், சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. அதன் உச்சவரம்பு 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர். பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்; கண்காணிப்பாளரின் பதிலுக்குக் காத்திருப்பது அந்தக் கடிகாரத்தை நிறுத்தும் என்று எண்ண வேண்டாம். இந்த நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றியும் தோன்றலாம். வழக்கறிஞர் அல்லாத, ஆனால் உரிமம் பெற்ற சட்டச் சேவையாளரான பராலீகல் ஒருவரையும் அமர்த்தலாம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை பெற முடியும். அந்த அரை மணி நேரத்துக்குப் போகும்போது, ஒப்பந்தத்தையும் திகதி வரிசையில் எழுதிய ஒரு பக்கச் சுருக்கத்தையும் கொண்டு செல்லுங்கள். கதை சொல்லி நேரம் கழியாமல், கோரிக்கை நிற்குமா என்ற கேள்விக்கே பதில் பெற்று வரலாம்.